சதர்ன் லீக் மைதானங்கள்: எதைப் பார்க்கலாம், அணிகள் ஏன் ஊர் மாறுகின்றன?

கேள்வி: வேலைக்காக அலபாமாவில் ஹன்ட்ஸ்வில் பக்கம் வந்து ஆறு மாதம் ஆகிறது. எனக்குக் கிரிக்கெட்தான் தெரியும். அலுவலகத்தில் ஒருநாள் டிராஷ் பாண்டாஸ் என்ற பேஸ்பால் அணியின் ஆட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். ஆட்டம் பாதிதான் புரிந்தது, ஆனால் மைதானம் பிடித்துப்போனது. இந்த லீகில் வேறு எந்த மைதானங்களைப் போய்ப் பார்க்கலாம்? எல்லாமே ஏன் புதுசாகவே இருக்கின்றன? அணிகள் ஏன் இப்படி ஊர் மாறுகின்றன?

பதில்:

கடைசிக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் முதல் இரண்டும் பாதி தெளிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீகில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படிகள், படிக்கு ஓர் அணி. ஆக 120 மைனர் லீக் அணிகள். மேலிருந்து இரண்டாவது படி டபுள்-ஏ. அந்தப் படியில் மூன்று லீக்குகள் இருக்கின்றன. அவற்றில் சின்னது, எட்டே அணிகள் கொண்டது, சதர்ன் லீக்.

ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் கொடுப்பது மேலே இருக்கும் மேஜர் லீக் அணி. யார் ஆடுவது, யாரை எப்போது மேலே ஏற்றுவது என்பதும் அவர்கள் முடிவுதான். நேற்று மூன்று ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்த பையனை இன்று காலை மேலே கூப்பிட்டுக்கொண்டால் உள்ளூர் முதலாளி ஒன்றும் சொல்ல முடியாது. அவருக்கு மிஞ்சுவது டிக்கெட், பீர், ஹாட் டாக், தொப்பி, விளம்பரப் பலகை. உண்மையைச் சொன்னால் அவர் நடத்துவது அணியை அல்ல, மைதானத்தை.

அந்த மைதானமும் பெரும்பாலும் அவருடையது இல்லை, நகராட்சியுடையது. ஆக அணி குடித்தனக்காரர், நகராட்சி வீட்டுக்காரர். ஆனால் வீட்டில் எத்தனை அறை இருக்க வேண்டும், விளக்கு எவ்வளவு வெளிச்சம் தர வேண்டும் என்று சொல்வது மூன்றாவது ஆளான மேஜர் லீக். 1990-ல் போட்ட ஒப்பந்தத்தில்தான் முதல்முறையாக மைனர் லீக் மைதானங்களுக்குக் கட்டாயத் தரம் வைத்தார்கள். அதற்குப் பிறகு நாடு முழுவதும் புது மைதானங்கள் முளைத்தன. 2021-ல் மேஜர் லீக் நிர்வாகம் மைனர் லீக்குகளை நேரடியாகக் கையில் எடுத்தபோது 160 ஆக இருந்த அணிகளை 120 ஆகக் குறைத்தது, தரத்தையும் இறுக்கியது. உடை மாற்றும் அறையின் அளவு, பெண் ஊழியர்களுக்குத் தனி அறை, சாப்பிடும் இடம், கூரை போட்ட பேட்டிங் கூண்டு, விளக்கு எல்லாவற்றுக்கும் கணக்கு. ரசிகர்கள் கண்ணில் படாத அறைகள்தான் பெரும்பாலும். ஊர் மக்கள் எத்தனை ஆசையாக வந்தாலும் அந்த அறைகள் சரியில்லை என்றால் அணி மூட்டையைக் கட்டிவிடும்.

இந்த எட்டு அணிகளையே பாருங்கள். உங்கள் ஊர்க் கதை இதற்கு நல்ல உதாரணம். ஹன்ட்ஸ்வில்லில் 1985 முதல் ஸ்டார்ஸ் என்று ஓர் அணி ஜோ டேவிஸ் ஸ்டேடியத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மைதானம் பழசானது. 2014 பருவம் முடிந்ததும் அணி மிசிசிப்பியின் பிலாக்ஸிக்குப் போய்விட்டது. அப்புறம் பக்கத்து ஊரான மாடிசன் புது மைதானம் கட்டி, மொபைல் நகரத்தில் இருந்த அணியைக் கொண்டுவந்தது. அதுதான் உங்கள் டிராஷ் பாண்டாஸ். ஜோ டேவிஸ் ஸ்டேடியத்தை இப்போது கால்பந்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மொபைல் அணியை இழந்த விதம்தான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. பேஸ்பால் மேதை ஹாங்க் ஆரன் பிறந்த ஊர் அது. மைதானத்துக்கு அவர் பெயர். அவர் சிறுவயதில் வளர்ந்த வீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து மைதானத்தின் பக்கத்தில் வைத்து, 2010-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அதற்குப் பிறகு பத்து வருடம்கூட அணி அங்கே தங்கவில்லை. 2019-தான் கடைசிப் பருவம்.

மற்றவையும் அப்படித்தான். மான்ட்கமரி அணி 2004-ல் ஆர்லாண்டோவிலிருந்து வந்தது. பென்சகோலா அணி 2012-ல் வட கரோலினாவிலிருந்து வந்தது. ஜார்ஜியாவின் கொலம்பஸ் அணி 2025-ல் மிசிசிப்பியின் பேர்ல் என்ற ஊரிலிருந்து வந்தது. எட்டில் ஐந்து வெளியூரிலிருந்து குடிவந்தவை. பர்மிங்ஹாம், சட்டனூகா, நாக்ஸ்வில் மூன்றும்தான் பழைய குடிகள். அவையும் மைதானத்தை மாற்றிக்கொண்டேதான் வந்திருக்கின்றன.

சரி, பார்க்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் பர்மிங்ஹாமுக்குப் போங்கள். அங்கே ஒரே பயணத்தில் இரண்டு மைதானங்கள் பார்க்கலாம்.

முதலாவது ரிக்வுட் ஃபீல்ட். இப்போது லீக் ஆட்டங்கள் வழக்கமாக நடக்கும் இடம் இல்லை அது. 1910 ஆகஸ்ட் 18 அன்று திறந்தது. அமெரிக்காவில் இன்றும் நிற்கும் தொழில்முறை பேஸ்பால் மைதானங்களில் இதுதான் மூத்தது. பர்மிங்ஹாமின் பரன்ஸ் அணி முதலாளி ரிக் வுட்வர்டின் பெயரைச் சுருக்கியதுதான் மைதானத்தின் பெயர். மர மேடைகள் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்த காலத்தில் கான்கிரீட்டும் இரும்பும் வைத்துக் கட்டினார். வெளி எல்லையில் இப்போது தெரியும் வேலிக்குப் பின்னால், புல்தரையைத் தாண்டி, பழைய கான்கிரீட் சுவர் இன்னும் நிற்கிறது. வேலியைப் பிற்காலத்தில் உள்ளே இழுத்து வைத்தார்கள். அந்தச் சுவர் வரைக்கும் அடித்தால்தான் ஹோம் ரன் என்றிருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். கிரிக்கெட்டில் பவுண்டரி தூரம் மைதானத்துக்கு மைதானம் மாறுவது போலத்தான் இங்கேயும். ஓடிப் போய்த் தொடும் பேஸ்களுக்கு இடையே 90 அடி, பந்து வீசும் பிட்சருக்கும் பேட்டருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம், இவை மாறாது. ஆனால் வேலி எங்கே, எத்தனை உயரம் என்பது அந்த இடத்தின் மனைக்கட்டைப் பொறுத்தது. ஒரு பக்கம் ரயில் பாதை வந்தால் வேலி நெருங்கும், உயரும். சட்டனூகாவின் பழைய எங்கல் ஸ்டேடியத்தில் நடு வேலி வரை 471 அடி; அதுவும் கடைசியில் மேடாக ஏறும். பந்தைத் துரத்தும் ஆள் அந்த ஏற்றத்திலும் ஓட வேண்டும்.

ரிக்வுட்டுக்குத் திரும்புகிறேன். வெள்ளையர் அணியான பரன்ஸும், கறுப்பினத்தவர் லீகில் ஆடிய பிளாக் பரன்ஸும் இதே மைதானத்தில்தான் மாறி மாறி ஆடினார்கள். சேர்ந்து ஆடியதில்லை. கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து எந்த விளையாட்டும் ஆடக்கூடாது, சதுரங்கப் பலகையில் காய் நகர்த்தும் செக்கர்ஸ்கூட ஆடக்கூடாது என்று பர்மிங்ஹாமில் நகரச் சட்டமே இருந்தது. பரன்ஸ் ஆட்டம் பார்க்க வரும் கறுப்பர்களுக்கு வலது மூலையில் வெயிலில் தனி இருக்கை. அந்தக் காலத்தில் பரன்ஸ் ஆட்டங்களை வானொலியில் வர்ணனை செய்து ஊரெல்லாம் பிரபலமானவர் புல் கானர். அந்தப் பெயரை வைத்துத்தான் அரசியலுக்குப் போனார். 1963-ல் சிவில் உரிமைப் போராட்டக்காரர்கள் மேல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல், நாயையும் தண்ணீர்க் குழாயையும் ஏவிவிட்ட அதே ஆள்.

வில்லி மேஸ் 1948-ல் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டே பிளாக் பரன்ஸுக்கு ஆடியது இந்தப் புல்தரையில்தான். பேஸ்பாலில் அவர் யார் என்று கேட்டால், கிரிக்கெட்டில் சோபர்ஸைச் சொல்வார்களே, அந்த வரிசை. 2024 ஜூன் 20 அன்று மேஜர் லீக் ஆட்டம் ஒன்றையே, ஜயன்ட்ஸுக்கும் கார்டினல்ஸுக்கும், ரிக்வுட்டில் நடத்தினார்கள், மேஸைக் கௌரவிக்க. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 18 மாலை, அதே மைதானத்தில் சதர்ன் லீக் ஆட்டம்: பர்மிங்ஹாம் பரன்ஸும் மான்ட்கமரி பிஸ்கட்ஸும். ஆட்டத்தின் நடுவே அறிவிப்பு வந்தது, மேஸ் இறந்துவிட்டார் என்று. வயது 93. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் பதினேழு வயதில் ஓடிய அதே தரையின் முன்னால் நின்றுகொண்டு அந்தச் செய்தியைக் கேட்டிருக்கிறார்கள். யாரும் திட்டமிட்டு இப்படி ஒன்றை அமைக்க முடியாது.

இந்த லீகின் வரலாறும் இதே விஷயத்தில் மாட்டிக்கொண்டதுதான். முன்பிருந்த சதர்ன் அசோசியேஷன் கடைசி வரை கறுப்பர்களைச் சேர்க்க மறுத்து 1961-ல் மூடிக்கொண்டது. 1964-ல்தான் சதர்ன் லீக் என்ற பெயரில் புது லீக் வந்தது. அந்த வருடம்தான் இரு இனத்தவரும் சேர்ந்த பரன்ஸ் அணி ரிக்வுட்டில் இறங்கியது.

1988-ல் பரன்ஸ் ரிக்வுட்டை விட்டுப் புறநகரான ஹூவருக்குப் போய்விட்டது. பெரிய கார் நிறுத்துமிடம், நெடுஞ்சாலை பக்கத்தில், சுற்றி நடந்து போக ஓர் இடம் கிடையாது. அந்த மைதானத்துக்கு ஒரே புகழ், 1994-ல் கூடைப்பந்து நாயகன் மைக்கேல் ஜோர்டான் அங்கே ஆடியது. பேட்டிங் சராசரி .202 (பத்து வாய்ப்பில் இரண்டு அடி), மூன்று ஹோம் ரன். சுமார்தான், ஆனால் அந்த வருடம் நாலரை லட்சத்துக்கு மேல் கூட்டம்.

2013-ல் அணி மறுபடி நகரத்துக்குள் வந்தது. ரீஜன்ஸ் ஃபீல்ட், சுமார் 6 கோடி 40 லட்சம் டாலர் செலவு. எதிரே ரயில்ரோட் பார்க் என்ற பூங்கா, பக்கத்திலேயே கறுப்பினத்தவர் லீகுக்கான அருங்காட்சியகம். உட்கார்ந்த இடத்திலிருந்து ஊரின் உயர்ந்த கட்டடங்கள் தெரியும். சாயங்காலம் அந்த ஜன்னல்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரிய ஆரம்பிக்கும்போது ஒன்பதில் ஐந்தாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருக்கும். ஆட்டம் மந்தமாக இருந்தாலும் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது.

நகரத்தை விட்டு நெடுஞ்சாலைக்கு ஓடுவது, இருபத்தைந்து வருடம் கழித்துத் திரும்பி வருவது. நாக்ஸ்வில்லும் இதையேதான் செய்தது. 2000-ல் ஊரை விட்டு, மலைக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் கண்ணில் படட்டும் என்று 40-ஆம் நெடுஞ்சாலையின் 407-ஆம் வெளிவழிப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. 2025-ல் ஊருக்குள் ஓல்ட் சிட்டியை ஒட்டித் திரும்பி வந்திருக்கிறது. பெயரும் டென்னஸி ஸ்மோக்கீஸிலிருந்து நாக்ஸ்வில் ஸ்மோக்கீஸ் என்று மாறியது. செலவு 11 கோடி டாலருக்கு மேல். 2000-க்கும் 2025-க்கும் இடையில் முதலீட்டாளர்கள் கண்டுகொண்டது என்னவென்றால், மைதானம் தனியாக லாபம் தராது. அதைச் சுற்றி எழும் அடுக்குமாடி வீடும் உணவகமும்தான் தரும். அதனால் இப்போதெல்லாம் மைதானத்தோடு சேர்த்தே தெருவையும் கட்டுகிறார்கள்.

அடுத்து மான்ட்கமரி. எனக்குத் தனிப்பட்ட முறையில் ரொம்பப் பிடித்தது இதுதான், கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம். 2004-ல் ரிவர்வாக் ஸ்டேடியம் என்று திறந்தார்கள். நூறு வருடப் பழைய ரயில் சரக்குக் கிடங்கு ஒன்றை இடிக்காமல் அதையே முகப்பாக வைத்து, அதன் முதுகில் மைதானத்தை ஒட்டவைத்திருக்கிறார்கள். செங்கல் சுவரைத் தாண்டி உள்ளே நுழைந்தால் பழைய கிடங்கின் மர உத்தரம் தலைக்கு மேலே, எதிரே பச்சைப் புல். வேலிக்குப் பின்னால் சரக்கு ரயில் போகும். ஓட்டுநர் ஆட்டம் நடப்பதைப் பார்த்து ஹார்ன் அடிப்பார், கூட்டம் கையாட்டும்.

அணியின் பெயர் பிஸ்கட்ஸ். நம்ம ஊர் டீக்குத் தொட்டுச் சாப்பிடுவது இல்லை. தெற்கத்தி பிஸ்கட் என்பது மெத்தென்ற, உப்பலான ஒரு ரொட்டி. நடுவில் கோழியோ, சர்க்கரைப் பாகோ வைத்துச் சாப்பிடுவார்கள். மைதானத்தில் அதை விற்பதோடு, இன்னிங்ஸ் இடைவெளியில் காற்றுத் துப்பாக்கியில் வைத்துக் கூட்டத்துக்குள் சுடுகிறார்கள். எனக்கு ஒன்று மடியில் வந்து விழுந்திருக்கிறது. சுடச்சுட இல்லை.

ஒரு ஜூலை மாதம் அங்கே உட்கார்ந்திருந்தபோது திடீரென்று கருத்துக்கொண்டு வந்தது. மழை விழும் முன்பு தார்ப்பாயை விரித்தாக வேண்டும். நம் கிரிக்கெட் மைதானத்தில் அதற்கென்று பெரிய படையே இருக்கும். இங்கே யார் ஓடிவந்தார்கள் தெரியுமா? சற்று முன்பு எனக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த பெண், தொப்பிக் கடைப் பையன், டை கட்டிய விளம்பரப் பிரிவு ஆள், எல்லோரும். உருளையில் சுற்றிய தார்ப்பாயை இருபது பேர் தள்ளிக்கொண்டு ஓட, காற்று ஒரு மூலையைத் தூக்கியடிக்க, டை கட்டியவர் அதன் மேலேயே குப்புற விழுந்து பிடித்தார். அன்றைக்குப் பெரிய கைதட்டல் அவருக்குத்தான். மைனர் லீகில் தனித்தனி வேலை என்று யாருக்கும் கிடையாது.

கடல் பார்க்க வேண்டுமென்றால் பென்சகோலா. 2012-ல் திறந்தது, விரிகுடாவின் கரையிலேயே கட்டியது, ஐயாயிரம் பேர்தான் உட்காரலாம். வேலிக்கு அந்தப்புறம் தண்ணீர். கோவிட் வந்து 2020 பருவமே ரத்தானபோது, அந்த மைதானத்தை ஏர்பிஎன்பியில் ஓர் இரவுக்கு 1,500 டாலர் என்று வாடகைக்கு விட்டார்கள். ஆட்டக்காரர்கள் அறையில் கட்டில், மைதானம் முழுக்க உங்களுக்கு. குடித்தனக்காரர் உள்வாடகைக்கு விட்ட கதைதான், ஆனால் நல்ல யோசனை.

பிலாக்ஸி மைதானம் கேசினோ ஹோட்டலுக்கு எதிரே. அதைவிட அது கட்டப்பட்ட கதை சுவாரசியம். மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கசிவுக்காக பிபி நிறுவனம் கொடுத்த இழப்பீட்டுப் பணத்தில் ஒரு பகுதி, 1.5 கோடி டாலர், இதற்குப் போனது. 2015 பருவம் தொடங்கியபோது மைதானம் தயாராகவில்லை. அணி முதல் 54 ஆட்டங்களையும் ஊர் ஊராகச் சுற்றி ஆடியது. சில ‘சொந்த ஊர்’ ஆட்டங்களை, விட்டு வந்த ஹன்ட்ஸ்வில் மைதானத்திலேயே போய் ஆடினார்கள், காலி செய்த வீட்டுத் திண்ணையில் போய்ப் படுத்த மாதிரி. ஜூன் 6 அன்றுதான் கதவு திறந்தது. அப்படியும் அந்த வருடம் இறுதிச் சுற்று வரை போய், சட்டனூகாவிடம் தோற்றார்கள்.

சட்டனூகா பற்றி: ஆற்றங்கரைக் குன்றின் மேல் 2000-ல் கட்டிய மைதானம், நகராட்சிப் பணம் இல்லாமல் அணி முதலாளியே கட்டியது. குன்றின் மேல் இடம் குறுகல், விரிக்க வழியில்லை. புதுத் தரங்கள் வந்தபோது மாட்டிக்கொண்டது. பழைய இரும்பு வார்ப்பாலை இருந்த இடத்தில் 2026 பருவத்துக்காக எர்லாங்கர் பார்க்கைக் கட்டினார்கள். ஆனால் இந்த ஊரின் பெரிய கதை எங்கல் ஸ்டேடியத்துடையது. 1931 ஏப்ரலில் நியூயார்க் யாங்கீஸ் காட்சி ஆட்டத்துக்கு வந்தபோது ஜாக்கி மிட்செல் என்ற 17 வயதுப் பெண் பந்து வீசி அந்தக் காலப் பெரிய பேட்டர்களான பேப் ரூத்தையும் லூ கெஹ்ரிக்கையும் அடுத்தடுத்து அவுட்டாக்கினாள். அணித் தலைவர் ஜோ எங்கல் ஓர் ஆட்டக்காரரைக் கொடுத்து வான்கோழி வாங்கிய ஆள், அதனால் அது நிஜமா நாடகமா என்று இன்றுவரை சண்டை. அவள் வீசியது நல்ல இடக்கைப் பந்துதான் என்பது என் கட்சி.

கொலம்பஸில் பழைய மைதானத்தை விட்டு ஓடாமல் அதையே புதுப்பித்திருக்கிறார்கள். 1926-ல் திறந்த கோல்டன் பார்க். 1996 ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் போட்டிகள் நடந்த இடம். இப்போது சினோவஸ் பார்க் என்ற பெயரில் உள்ளே ஏறக்குறைய எல்லாம் புதுசு. சட்டஹூச்சி ஆறு பக்கத்தில் ஓடுகிறது. ஒருமுறை போகலாம், அதற்கென்றே போக வேண்டாம்.

உங்கள் டிராஷ் பாண்டாஸின் டொயோட்டா ஃபீல்ட் பற்றி நீங்களே பார்த்துவிட்டீர்கள். 2020-ல் தயாராகியும் கோவிட்டால் ஒரு வருடம் பூட்டியே கிடந்தது. ஒரு பந்துகூட வீசப்படும் முன்பே ரக்கூன் (டிராஷ் பாண்டா என்பது அதன் செல்லப் பெயர்) படம் போட்ட தொப்பியும் பனியனும் பல லட்சம் டாலருக்கு விற்றன என்பதுதான் அதன் பெருமை. நல்ல மைதானம். நெடுஞ்சாலை ஓரம் என்பதுதான் என் குறை. அதைச் சுற்றித் தெரு முழுசாக உருவாகட்டும், பிறகு பேசலாம்.

போவதற்கு முன் சில விஷயங்கள். ஆட்டங்கள் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே எதிரணியோடு ஆறு; திங்கள் ஓய்வு, அன்றைக்குப் போய் நிற்காதீர்கள். சட்டனூகா, நாக்ஸ்வில், கொலம்பஸ் மூன்றும் உங்கள் ஊரைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். 7:05 ஆட்டம் என்றால் உங்கள் கடிகாரத்தில் 6:05. எனக்கு ஒருமுறை மூன்று இன்னிங்ஸ் போய்விட்டது. மூன்றாவது பேஸ் பக்க இருக்கையா முதல் பேஸ் பக்கமா என்று கேட்டு, சூரியன் முதுகில் விழும் பக்கம் வாங்குங்கள். பந்து உங்களிடம் வந்து விழுந்தால் திருப்பிப் போட வேண்டாம், வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை நான் பதற்றத்தில் மைதானத்துக்குள் எறிந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த ஆறு வயதுப் பையன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.